செம்பூரில் நான் கோல்ஃப் படித்தது

பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றி எந்த வாத்தியாரும் குறை சொன்னதில்லை. முதல் பெஞ்சு, அடிக்கோடிட்ட நோட்டு, கேள்வி முடிவதற்குள் உயரும் கை. நல்ல மாணவன் என்றால் நிறையத் தெரிந்தவன் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதெல்லாம் இல்லை. எந்த விடைக்கு மார்க் விழும் என்பதைக் கேட்பவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவன்தான் நல்ல மாணவன். முப்பத்திரண்டு வயதில், ஒரு மழைக்காலம் முழுக்க, செம்பூரில் நான் கோல்ஃப் கற்றுக்கொண்டபோதும் அப்படித்தான் இருந்தேன்.

எல்லாம் ஒரு பொய்யில் ஆரம்பித்தது. அறுபதுகளின் நடுவில் பம்பாய் ஃபோர்ட்டில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஸ்டெனோவாக நுழைந்து, விற்பனைப் பிரிவில் உதவியாளர்வரை ஏறியிருந்தேன். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஆபீசர் நாற்காலி ஒன்று காலியாகப்போகிறது, அதில் ஓர் இந்தியனை உட்காரவைக்கப்போகிறார்கள் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. ஒருநாள் லிஃப்டில் என் வெள்ளைக்கார மேனேஜர், "நீங்கள் கோல்ஃப் ஆடுவீர்களா?" என்று கேட்டார். "கொஞ்சம் ஆடுவேன், சார்" என்றேன். கோல்ஃப் மட்டையை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. "மழை நிற்கட்டும். செம்பூரில் ஓர் ஆட்டம் போடுவோம்" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே குர்லாவில் வண்டி மாறிச் செம்பூருக்குப் போனேன். மைதானத்தின் வேலிக்கு வெளியே நின்று, உள்ளே இருப்பவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேர் திருநெல்வேலித் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். உறுப்பினர்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கும் ஆட்கள். அவர்களில் ஒருவர், முந்தின வாரம் ஒரு சேட் பந்தை எப்படிக் கோட்டைவிட்டார் என்று தோளையும் இடுப்பையும் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் திரும்பிய விதத்தைப் பார்த்ததும், வேலி ஓரம் ஒரு மணி நேரம் நின்றும் புரியாதது எனக்குப் புரிந்துவிட்டது.

இப்போது எழுதும்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அந்த நாளில் 'அவன்'தான், 'நீ'தான். காகிதத்தில் மரியாதை கொடுக்க யாருக்கும் கை வலிப்பதில்லை.

என்னைவிட இரண்டு வயது சின்னவர். தாராவியில் குடியிருப்பு. வாரநாட்களில் அங்கேயே ஒரு தோல் பட்டறையில் வேலை, சனி ஞாயிறுகளில் செம்பூரில் பை தூக்குவது. "எங்க ஊர்ல கேடின்னா போலீசு புடிச்சுட்டுப் போவும் சார். இங்க கேடின்னா பை தூக்கணும்" என்று அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கற்றுக்கொடுப்பாயா, வெளியே யாருக்கும் தெரியக் கூடாது என்று கேட்டேன். சம்மதித்தார். வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது என் மனைவி, "போயும் போயும் ஒரு கேடிகிட்டயா கத்துக்கப்போறேள்?" என்று பதறினாள். ஆங்கிலத்தில் அது ஒரு வேலையின் பெயர் என்று விளக்குவதற்குள் காப்பி ஆறிவிட்டது.

வாரத்தில் மூன்று நாள், விடிந்தும் விடியாமலும், மைதானத்துக்குப் பின்னால் இருந்த பொட்டலில் பாடம். பக்கத்தில் எருமைக் கொட்டில். தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் எருமைகள் கிடக்கும். நான் மட்டையை ஓங்கும்போதெல்லாம் கொட்டில்காரன், "ஏ மதராசி, பைன்ஸ்கோ மத் மாரோ!" என்று கத்துவான், எருமையை அடித்துவிடாதே என்று. அவன் பயம் நியாயமானதுதான். பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் மாணவன் என்ற முறையில் என்னிடம் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது. சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே போய்க் குடையோடு நிற்பேன். புது நோட்டு வாங்கி, தலைப்பில் பிள்ளையார் சுழி போட்டு, அவர் சொன்னதையெல்லாம் எண் போட்டு எழுதினேன். கால் எவ்வளவு அகலம், முழங்கால் எவ்வளவு மடிப்பு, எடை எந்தக் காலில். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அதை ஒப்பித்துக்கொண்டே கூடத்தில் குடைக்கம்பியை வீசிப் பழகினேன். இரண்டாவது வாரம் அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். விரல் வைத்து மெதுவாக வாசித்தார்.

"நான் சொன்னதெல்லாமா எழுதி வச்சிருக்கீய?"

"ஒண்ணு விடாம."

"எழுதுனது போதும் சார், அடிங்க. பந்துக்குப் படிக்கத் தெரியாது" என்றார். ஆனால் நோட்டைத் திருப்பித் தரும்போது ஈரம் படாமல் தன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு தந்தார். அவருக்குப் பெருமையாக இருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

மட்டையைப் பிடிக்கும் பிடிதான் எனக்கு வரவே இல்லை. "என்னத்துக்கு சார் இந்த இறுக்கு இறுக்குதீய? அது எங்க ஓடிப்போவப் போவுது?" என்பார். வாயால் எத்தனை தடவை சொல்லியும் பயனில்லை. கடைசியில் தயங்கித் தயங்கி, "கையத் தொட்டுக்கிடலாமா சார்?" என்று கேட்டார். ஏன் கேட்டார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தோல் பட்டறைக் கை. நான் ஆறு தலைமுறை வைதிகத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு, "ம்" என்றேன். என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து மட்டையில் வைத்தார். அவர் உள்ளங்கை வெடித்துப் பொருக்குத் தட்டியிருந்தது. அன்றைக்குப் பந்து முதல் தடவையாகத் தரையை விட்டு எழும்பியது. வீட்டுக்கு வந்து, காலையிலேயே குளித்திருந்தும் மறுபடி தலைக்குக் குளித்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கமாக இல்லை.

ஆகஸ்டில் ஒரு காலை, பந்து நேராக எழும்பி எருமைகளுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. "அப்படிப் போடும் வே!" என்று அவர் துள்ளிவிட்டார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த நொடியே அந்த 'வே' சுருக்கென்று தைத்தது. அவர்கள் ஊரில் சமமான ஆளைக் கூப்பிடும் சொல். ஆபீசில் மேனேஜர் தோளில் தட்டினால் ஒரு வாரம் அந்தச் சட்டையைத் துவைக்கப் போட மனம் வராத ஆள் நான். என் முகத்தைப் பார்த்து, "வாய் தவறிட்டு, மன்னிச்சிக்கிடுங்க சார்" என்றார். பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை.

சம்பளம் பற்றிக் கேட்டபோதெல்லாம் அப்புறம் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டு வந்தார். மழை ஓயும் சமயத்தில்தான் சொன்னார். கிளப்பில் ஆட்டம் சொல்லிக்கொடுப்பவருக்கு ஓர் உதவியாள் தேவைப்படுகிறது. இவர் கேட்டிருக்கிறார். பை தூக்குகிறவனுக்குப் பாடம் சொல்லித்தர வருமா என்று காரியதரிசிக்குச் சந்தேகம்.

"யாருக்காவது சொல்லிக்குடுத்திருக்கியான்னு கேப்பாவ சார். அப்பம் ஒங்களக் கைகாட்டுவேன். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. எனக்குக் காசு வேண்டாம்." கையை விரித்துக் காட்டினார். "நாள் முச்சூடும் சுண்ணாம்புத் தொட்டிக்குள்ள கெடக்க கை. இன்னும் ரெண்டு வருசம் இப்படியே போனா, மட்டை பிடிச்சா பிடிச்ச மாதிரியே தெரியாது."

"கண்டிப்பாச் சொல்றேன்" என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன். அதை யாரும் நம்ப வேண்டியதில்லை.

அக்டோபரில் ஆட்டம். மேனேஜர், நான், எனக்குப் பை தூக்க அவர். நான் கேட்காமலேயே முறை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் சரியான மட்டையை உருவி நீட்டுவார். வாய் திறக்கமாட்டார். நான் நன்றாகவே ஆடினேன். மூன்றாவது குழியில் மேனேஜர், "கொஞ்சம்தான் ஆடுவேன் என்றீர்களே! எங்கே கற்றீர்கள்?" என்றார். "காலேஜ் நாளில் கொஞ்சம், சார். பிறகு புத்தகம் பார்த்து" என்றேன். பக்கத்தில் நின்றவர் பந்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பேச்சுக்குச் சொன்னதுதானே, காரியதரிசியிடம் தனியாக உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

தனியாகச் சொல்ல வாய்க்கவில்லை. ஆட்டம் முடிந்து வராந்தாவுக்கு வந்தபோது காரியதரிசியே எழுந்து வந்தார். மேனேஜர் என் பக்கத்திலேயே நாற்காலியில் சாய்ந்திருந்தார். பையைத் தோளில் போட்டபடி அவர் படிக்குக் கீழே நின்றார். இரண்டு முழம் தூரம்.

"இந்த ஆள்தான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததாகச் சொல்கிறான். உண்மையா?" என்று காரியதரிசி சிரித்துக்கொண்டே கேட்டார்.

நான் காரியதரிசியைப் பார்க்கவில்லை. படிக்குக் கீழேயும் பார்க்கவில்லை. மேனேஜர் முகத்தைப் பார்த்தேன். அவர் புருவம் லேசாக உயர்ந்திருந்தது. அது போதும், விடை வந்துவிட்டது.

"இல்லை சார். ஏதோ தவறாகச் சொல்லியிருக்கிறான். இன்றைக்குப் பை தூக்கினான், அவ்வளவுதான்."

அந்த அளவு ஆங்கிலம் படிக்குக் கீழே நின்றவருக்குத் தெரியும். பையை மெல்ல இறக்கிச் சுவரில் சாய்த்துவைத்தார்.

மேனேஜர் தன் கிளாஸை எடுத்துக்கொண்டு, "அடடா, பாவம்" என்றார். "எங்கள் ஊரில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவனும் பை தூக்குகிறவன்தான். அவனை மிஞ்சிய ஆசிரியரை நான் பார்த்ததில்லை."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். காரியதரிசி அங்கேயேதான் நின்றார். ஒரே ஒரு வாக்கியம், சார், நான் பொய் சொன்னேன் என்று. சொல்லியிருந்தால் வேலை போயிருக்காது, மேனேஜர் சிரித்திருப்பார் என்றுகூட இன்று தோன்றுகிறது. ஆனால் எழுதிய விடையை அடித்துத் திருத்தினால் தாள் அசிங்கமாகிவிடும் என்று வளர்ந்தவன் நான். வாயில் இருந்த எலுமிச்சைத் தண்ணீரை விழுங்கினேன். காரியதரிசி தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனார். திரும்பிப் பார்த்தபோது சுவரோரம் பை மட்டும் இருந்தது.

நாற்காலி எனக்குக் கிடைத்தது. கடிதத்தை மனைவி சுவாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். கிளப் வேலைக்கு வெளியூரிலிருந்து ஓர் ஆளை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அந்த வாரம் தூக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை செம்பூருக்குப் போனேன், ஆடுவதற்கு இல்லை. பழைய பஸ் ஸ்டாப்பில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று வணக்கம் சொல்லும் மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

"உனக்கு நான் ஏதாவது செய்யணும். வேற எங்கேயாவது வேலை வேணுமானா பார்க்கறேன். என்ன வேணும், சொல்லு" என்றேன்.

அவர் குரலில் கோபமோ கிண்டலோ இல்லை. தெரியாத ஒருவருக்கு வழி சொல்வதைப் போலச் சொன்னார்.

"நீங்க என்னத்துக்கு சார் எனக்குச் செய்யணும்? எங்கிட்ட நீங்க ஒண்ணும் படிக்கலையே."