எல்லாரையும் விட மெதுவாக

பிக், பிக்கர் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, அடுத்தது என்ன என்று டீச்சர் கேட்டார். ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் "ஸ்பெஷல்!" என்றோம். பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து அந்த வருஷம்தான் மாற்றலாகி வந்திருந்த டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த அளவெல்லாம் புஸ்வாணப் பெட்டி அளவுதான். ஸ்மால், அதற்கு மேலே பிக், அதற்கு மேலே ஸ்பெஷல். நடுவில் வந்த பிக்கரை ஏதோ புதுக் கம்பெனிச் சரக்கு என்று நினைத்துக்கொண்டோம். டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

ஒன்றை ஒன்றோடு ஒப்பிட்டுச் சொல்ல ஆங்கிலத்தில் மூன்று படி உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சாயங்காலம் திருத்தங்கல் ரோட்டில் வீட்டுக்கு நடந்து வரும்போது உலகமே மூன்று மூன்றாக நின்றது. வேப்பமரம் உயரம், செல்போன் டவர் அதைவிட உயரம், மலைமேல் இருக்கும் கோயில் எல்லாவற்றையும் விட உயரம். ஆடு மெதுவாகப் போனது, சைக்கிள் வேகமாகப் போனது, மினி பஸ் அதைவிட வேகமாகப் போனது. நான் சும்மாவே பராக்குப் பார்த்து நடக்கிற ஆள். வாய்க்குள்ளே டால், டாலர், டாலஸ்ட் என்று முணுமுணுத்துக்கொண்டே எங்கள் தெருவைத் தாண்டிப் போய்விட்டேன். "கனாக் கண்டுக்கிட்டே போறா பாரு" என்று அம்மா வாசலிலிருந்து சத்தம் போட்ட பிறகுதான் திரும்பி வந்தேன்.

என் ரஃப் நோட்டை அப்பா தைத்துக் கொடுத்திருந்தார். அவர் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் லோடு ஏற்றுகிற வேலை பார்த்தார். கலர் சரியாக விழாத காலண்டர் தாள்களைக் கொண்டுவந்து, மடித்து, நடுவில் சணல் கோத்துத் தருவார். ஒரு பக்கம் வெறும் வெள்ளை. மறுபக்கம் கிரீடம் ஒரு இடத்திலும் முகம் ஒரு இடத்திலுமாகச் சாமிகள் நிற்கும். அந்தச் சாமிகளின் முதுகில்தான் என் ஆங்கிலம் முழுக்க எழுதப்பட்டது.

எனக்கு ஒரே ஒரு அக்கா. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பதினெட்டு முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிக்குப் போனாள். காலையில் வேன் வந்து ஹாரன் அடிக்கும்; தூக்குவாளியோடு ஏறிவிடுவாள். புஸ்வாணக் கூட்டில் வெடிமருந்து செலுத்துகிற வேலை. சாயங்காலம் இறங்கும்போது முழங்கை வரைக்கும் வெள்ளி பூசியிருக்கும். அலுமினியப் பொடி. எத்தனை சோப்புப் போட்டாலும் முழுதாகப் போகாது. அவள் காதோரம் மினுக்கும், தலையணை உறை மினுக்கும், சில நாள் என் தட்டில் அவள் எடுத்துவைத்த தோசையின் ஓரம்கூட மினுக்கும். வெயில் சாய்கிற நேரத்தில் அவள் தெருவில் நடந்து வருவதை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் தெருவிலேயே அவள்தான் அழகு என்பது என் கட்சி.

மருந்து செலுத்துகிற ரூமில் கை பதறினால் அவ்வளவுதான். இது எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அந்த வருஷம் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களை ஒப்பிட்டுப் பத்து வாக்கியம் எழுதிவரச் சொல்லியிருந்தார் டீச்சர். அம்மாவைவிட அப்பா உயரம், அப்பாவைவிட அம்மா சத்தமாகப் பேசுவாள் என்று ஏழெட்டு எழுதிவிட்டேன். அக்காவைப் பற்றி என்ன எழுதுவது என்று வாசற்படியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது, அவளோடு அதே வேனில் போகிற எதிர்வீட்டுக்காரி வந்தாள். போன வருஷம் சீசன் முடிவில், கம்பெனியில் அதிகம் செலுத்தியவள் என்று எவர்சில்வர் குடம் வாங்கியவள். அந்தக் குடத்தைத் தண்ணீருக்குப் புழங்காமல், ரோட்டில் போகிறவர் கண்ணில் படுகிற மாதிரி ஜன்னலில் வைத்திருந்தாள்.

"ஒங்க அக்காவுக்கெல்லாம் இந்த ஜென்மத்துல குடம் கெடைக்காது தாயி. இருவது பேர்ல அவதான் கடேசி. பூத்தொடுக்க வந்த மாதிரி உக்காந்திருக்கா" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

எனக்குச் சுருக்கென்றது. உள்ளே அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கோபத்தோடு எழுதினேன்: மை சிஸ்டர் ஒர்க்ஸ் மோர் ஸ்லோலி தேன் தி அதர்ஸ்.

"என்னயப் பத்தி என்னடி எழுதுன?" என்று கேட்டாள்.

தமிழில் சொன்னேன். மற்றவர்களைவிட மெதுவாக வேலை செய்கிறவள் என்று. அத்தோடு விட்டிருக்கலாம். "ஒனக்கு ரோசமே கெடையாதாக்கா? ஒரு தடவையாவது முன்னால வரக் கூடாதா?" என்றும் கேட்டுவிட்டேன். அவள் மடித்த பாவாடையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

ஒரு வாரம் கழித்து வேனிலிருந்து இறங்கியவள் என்னைப் பார்த்ததும், "இன்னிக்கு நான் பதினாலாவது" என்றாள். நான் குதித்தேன். ஆறு பேரைவிட வேகமாகச் செய்கிறாள் என்பதை ஆங்கிலத்தில் சொன்னேன். "இன்னொருக்கா சொல்லு" என்றாள். ஃபாஸ்டர், ஃபாஸ்டர் என்று தானும் சொல்லிப் பார்த்தாள். அந்தச் சொல் அவள் வாயில் தேன்மிட்டாய் மாதிரி உருண்டது. அதிலிருந்து எங்களுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. அவள் தன் இடத்தைச் சொல்வாள், நான் அதற்கு ஆங்கிலம் சொல்வேன். பதினொன்று, ஒன்பது, ஆறு. சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய் உட்காருவோம். கரிசல் காட்டுக்கு அந்தப் பக்கம் ஏதாவது ஒரு கம்பெனியில் புதுச் சரக்கை விட்டுப் பார்ப்பார்கள். பச்சை எழும், சிவப்பு எழும், சத்தம் நிதானமாகப் பின்னால் வரும். பிரைட், பிரைட்டர், பிரைட்டஸ்ட் என்று இருவரும் சேர்ந்து சொல்வோம். இருட்டுவதற்கு முந்தின அந்த வெளிச்சத்தில் அவள் கை மினுக்கிக்கொண்டே இருக்கும். எங்கள் ஜன்னலில் ஒரு குடம் இருப்பதாகவும் அதில் வானம் தெரிவதாகவும் நான் கனாக் கண்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெந்த வருஷமும் இருந்ததில்லை.

ஆயுதபூஜைக்கு வீட்டு ஆட்களும் கம்பெனிக்கு வரலாம் என்பதால் அம்மாவும் நானும் போனோம். அதுவரை நான் உள்ளே போனதில்லை. கரிசல் மண்ணில் ஒவ்வொரு ரூமும் தனித்தனியாக, தள்ளித் தள்ளி நின்றது. நடுவில் வேம்பு. எங்கே பார்த்தாலும் வாழைக்கன்று, மாவிலை, சந்தனம். இரண்டு நாளாகக் கழுவிவிட்டதில் மருந்து ஒரு பொட்டுக்கூட இல்லை. பொரிகடலைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, அக்காவின் ரூமுக்குள் போனோம். நாலு பேர் மட்டும் என்று சுவரில் எழுதியிருந்தது. நாலு பேருக்கும் எழுந்தால் நேரே வெளியே போகிற மாதிரி வாசல்கள். அக்காவோடு வேலை பார்க்கிற பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து பார்க்க எனக்கு ஆசை. குறுக்கே ஒரு மரத்தட்டு கிடந்தது. அதைக் காலால் தள்ளாமல் மரியாதையாகக் கையால் பிடித்து, தரையோடு சரக்கென்று இழுத்தேன்.

பேச்சு அப்படியே நின்றது. எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. ஒருத்தி தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டாள். என்றைக்கும் என்னை அதட்டாத அக்கா, "இழுக்காத!" என்று கத்தினாள்.

மறுநொடியே எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தட்டு காலி, ரூம் காலி, பூஜை நாள். ஆனாலும் அங்கே பழகிய உடம்பு கேட்கவில்லை, பாருங்கள். "இங்கன எதையும் இழுக்கப்படாது தாயி. தூக்கித்தான் வைக்கணும். உரசப்படாது, பொறி பறந்துரும்" என்று அக்காவுக்கு அடுத்த இடத்தில் உட்காருகிற பெண் என்னிடம் பதமாகச் சொன்னாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியது அவள்தான். வீட்டில் இன்னொரு கைக்குழந்தை. பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு அம்மாவிடம் பேசினாள்.

"ஒங்க மூத்தவ பக்கத்துல இருக்கணும்னுதான் நான் இந்த ரூமையே கேட்டு வாங்குனேன். அம்புட்டு நிதானம். அவ கையப் பாத்தாலே எனக்குத் தெம்பா இருக்கும். இப்ப அவளும் வேகம் புடிச்சிட்டா. தப்பா நெனச்சுக்கிராதீக, நான் வேற ரூம் கேட்டிருக்கேன்."

அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா சுவரைப் பார்த்தாள். எந்த வேகத்தை நான் தினமும் மாடியில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் கொண்டாடினேனோ, அதைக் கண்டு ஒரு தாய் ரூம் மாறப் போகிறாள். என் அக்கா செத்துப்போய்விடுவாள் என்று பயம் வந்தது. அவளைச் சாகச் சொன்னவள் நான்தான் என்று தோன்றியது.

மறுபடி வேலை தொடங்கிய அன்று சாயங்காலம் அவள் முகம் முழுக்கச் சிரிப்போடு இறங்கினாள்.

"ரெண்டாவது! இன்னம் ஒருத்திதான். சொல்லுடி."

"சொல்ல மாட்டேன்" என்றேன். "வேகமாச் செய்யாதக்கா. எனக்குப் பயமா இருக்கு."

"நீதான ரோசம் இல்லயான்னு கேட்ட?"

"தெரியாமக் கேட்டுட்டேன்."

"எனக்கு இப்ப ரோசம் வந்துருச்சு" என்றாள். அதை அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. தீபாவளி முடியட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். அவளுக்கும் குடம் வேண்டியிருந்தது. எதிர்வீட்டு ஜன்னலை அவளும்தான் இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அது உறைக்கவே இல்லை. அழுகை வந்தது. அழுதேன்.

பள்ளிக்கூடத்தில் மறுபடி வாக்கியம் எழுதச் சொன்னபோது, என் அக்காதான் எல்லோரையும் விட மெதுவாக வேலை செய்கிறவள், அவள்தான் எல்லோரையும் விட நல்ல வேலைக்காரி என்று எழுதிக் கொடுத்தேன். பொய்தான். அவள் அப்போது இரண்டாவது. டீச்சர் மெதுவாக என்பதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே வேகமாக என்று எழுதியிருந்தார். பொருந்தவில்லை என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. எழுந்து நின்று விளக்கம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அக்கா அதைப் பார்த்துவிட்டாள். "என்ன இது, இம்புட்டுச் செவப்பா?"

எழுதியிருந்ததைச் சொன்னேன். டீச்சர் எதை அடித்தார் என்பதையும் சொன்னேன். மெதுவாகச் செய்கிறவள் எப்படி நல்ல வேலைக்காரி ஆவாள், பொருந்தவில்லையாம் என்றேன்.

அக்கா முதலில் சிரித்தாள். "ஒங்க டீச்சர ஒரு நாளைக்கு எங்க ரூமுக்குக் கூட்டிட்டு வா" என்றாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அடித்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வரை படித்திருந்தும் அவளுக்கு ஆங்கிலம் சரளமாக வாசிக்க வராது. சிவப்புக்குக் கீழே எந்தச் சொல் இருக்கிறது என்று விரல் வைத்துக் கேட்டாள். ஸ்லோலி என்றேன். சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தாளின் ஓரத்தில் அவள் விரல் பட்ட இடம் மினுக்கியது. அன்றைக்கு நாங்கள் மாடிக்குப் போகவில்லை.

மறுநாள் நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். வேன் வந்தது. எதிர்வீட்டுக்காரி இறங்கினாள், இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். அக்கா கடைசியாக, தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு, படியைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து இறங்கினாள். எத்தனாவது என்று நான் கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்று காலையிலேயே சாமிப் படத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணியிருந்தேன்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெள்ளிக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கடேசி" என்றாள். "இருவதாவது. ம், சொல்லு."

ஷி ஒர்க்ஸ் தி மோஸ்ட் ஸ்லோலி என்று சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அதையும் சொன்னேன். எதிர்வீட்டு ஜன்னலில் குடத்தின் மேல் சாயங்கால வெயில் விழுந்து எங்கள் சுவர் வரைக்கும் தெறித்தது. அந்த வருஷக் குடமும் அந்த வீட்டுக்கே போனது.

குளிக்க எழுந்தவள் வாசலில் நின்று திரும்பினாள்.

"அந்தப் பிள்ளக்கார அக்கா வேற ரூம் வேண்டாம்னு சொல்லிட்டாக. எம் பக்கத்துலயே உக்காந்துக்கிறாகளாம்" என்றாள்.