கத்துவதற்கு ஒரு ஆள்

கொல்கத்தாவில் ஒரு அரசு சுகாதார அலுவலகத்தில் நான் இன்டர்ன்ஷிப் செய்தபோது, எங்கள் பிரிவின் அதிகாரி ஹவுராவில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண்மணி. கசங்கிய காட்டன் புடவை, எப்போதும் தூக்கம் போதாத முகம். எதையும் தனியாக முடிவு செய்ய மாட்டார். டிரைவர் முதல் இன்டர்ன்கள் வரை எல்லோரையும் உட்காரவைத்து, “நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்பார்.

அப்படிக் கூடிப் பேசித்தான் கிடர்பூர் மருத்துவ முகாமைப் பள்ளிக்கூடத்திலிருந்து துறைமுகத் தொழிலாளர்கள் குடியிருக்கும் சந்துக்கு மாற்றினோம். முகாம் அன்று பெய்த மழையில் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஒருவரும் வரவில்லை. மேலதிகாரி போனில் கத்தியது எங்களுக்கே கேட்டது.

“என் முடிவுதான் சார்,” என்று மட்டும் மேடம் சொன்னார்.

“எல்லாரும் சேர்ந்துதானே மேடம் முடிவு பண்ணினோம்? ஏன் சொல்லலை?” என்றேன்.

“அரே, கத்துறதுக்கு அவருக்கு ஒரு ஆள் போதும்மா. அந்த மருந்துப் பெட்டியைத் தூக்கு, நனையுது.”

திரும்பும் வழியில் ஜீப்பிலேயே தூங்கிவிட்டார். பழியைத் தானே ஏற்றுக்கொண்டது பெரிய மனதா, சண்டை போடத் தெம்பில்லாத அலுப்பா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. வண்டி குலுங்கும்போது அவர் தலை ஜன்னலில் இடிக்காதபடி, நடுவில் என் கையை வைத்துக்கொண்டே வந்தேன்.