கன்னத்துக் கோடு

அந்தத் தெருப் பிள்ளைகள் போட்டோக்காரருக்கு வைத்திருந்த பெயர் ‘அசையாதே’. ஸ்டூடியோவுக்குள் கால் வைத்த எந்தப் பிள்ளைக்கும் அவர் முதலில் சொல்வது அதுதான். அசையாதே, இங்கே பார், வாயை மூடு, சிரி. வாயை மூடிக்கொண்டு எப்படிச் சிரிப்பது என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் அசையாதே என்றுதான் சொல்லியிருப்பார்.

வேலையில் கெட்டிக்காரர், அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. படம் எடுத்து முடித்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பரு, தழும்பு, மூக்குச்சளி எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிடுவார். யாரும் சொல்ல வேண்டியதில்லை, கை தானாகப் போகும். திருத்திய படத்தைப் பழைய படத்தின் மேலேயே சேமிப்பார். இல்லையென்றால் இடத்தை அடைக்குமாம்.

அவருக்கு ஒரே மகன். மூன்று வயதில் கட்டில் முனையில் மோதிக்கொண்டதில் கண்ணுக்குக் கீழே, கன்னத்தில் சின்னதாக ஒரு தழும்பு. அரிசி நீளம்கூட இருக்காது. பையனுக்கு அதில் அலாதிப் பெருமை. வகுப்பில் வேறு யாரிடமும் இல்லாத சொத்தல்லவா? ‘என் கோடு’ என்பான். அப்பா எடுத்த முதல் பள்ளிக்கூடப் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “அப்பா, என் கோடு எங்க?” என்று கேட்டான்.

“அது எதுக்குடா? இப்ப பாரு, ராஜா மாதிரி இருக்க.”

“இது நான் இல்ல” என்று படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டான். பாவி மனுஷன், அதை ஒரு சிரிப்புக் கதையாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மனைவியும் சொல்லிப் பார்த்தாள். “அவனை நிக்க வெச்சு எடுக்காதீங்க. அவன் பாட்டுக்கு ஏதாவது பண்ணிட்டு இருக்கும்போது, நீங்களும் தரையில உக்காந்து எடுங்க. சிரின்னு சொன்னா மூஞ்சிய இழுத்து வெச்சுக்கறான், சிரிக்க மாட்டேங்கறான்.”

தொழில்காரனுக்கு வீட்டிலேயே பாடமா? இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார். அதோடு நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் போனில் எடுத்து வைத்திருந்த படங்களையெல்லாம் உட்கார்ந்து பார்த்தார். ஓடியதில் மங்கலாகிப்போன பையன். சோற்று வாயோடு பையன். ஜன்னல் வெளிச்சம் பின்னால் இருக்க, முகம் பாதி இருண்ட பையன். “கையாட்டத்துல எடுத்ததெல்லாம் வெச்சு என்ன பண்ணப்போற?” என்று அழித்துச் சுத்தமாக்கினார். தேறிய நாலைந்தையும் திருத்தித்தான் திருப்பிப் போட்டார். அவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதன் பிறகு படம் எடுப்பதையே விட்டுவிட்டாள்.

பையனுக்கு எட்டு வயது நடந்துகொண்டிருந்தபோது காய்ச்சல் வந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். ஏழாவது நாள் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து மனைவி வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அவன் கோடு தெரியற மாதிரி ஒரு படம் வேணும்.”

தேடினார். ஆயிரத்துக்கு மேல் படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் வாயை மூடிச் சிரிக்கிற, வழுவழுவென்று ஒரு பையன். தங்கைக்குப் போன் போட்டார். அவள் அனுப்பிய பிறந்தநாள் படங்களும் அவரே எடுத்துக் கொடுத்தவை. பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். அங்கே வருஷா வருஷம் வகுப்புப் படம் எடுப்பதும் அவர்தான். அழிந்ததை மீட்டுத் தருகிறேன் என்ற கம்ப்யூட்டர்காரர் இரண்டு நாள் மல்லுக்கட்டி, யாரோ ஒரு கல்யாண மாப்பிள்ளையை மீட்டுக் கொடுத்தார். வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

மறுபடி ஸ்டூடியோவைத் திறந்த வாரம், நெற்றியில் புடைப்போடு ஒரு குட்டிப் பெண்ணை அவள் அம்மா கூட்டி வந்தாள். அவர் ‘அசையாதே’ சொல்லவில்லை. கேமராவோடு தரையில் மண்டியிட்டார். அந்தப் பெண் நாற்காலிக்கு அடியில் புகுந்து எட்டிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றித் திருப்பித் திருப்பி ஆராய்ந்தாள். எல்லாவற்றையும் எடுத்தார். அவர் வாழ்நாளில் எடுத்த நல்ல படங்கள் அவைதான்.

“அந்தப் புடைப்ப மட்டும் அழிச்சுடுங்க” என்றாள் அம்மா.

“வேணாம்மா. இருக்கட்டும்.”

“ஏன், உங்களுக்கு அழிக்கத் தெரியாதா?”

“நல்லாத் தெரியும்மா.”

அவள் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுத்த தெரு ஸ்டூடியோவுக்குக் கிளம்பிவிட்டாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அழிக்கத் தெரிந்த கைக்கு வைக்கத் தெரியாதா? மகனின் படத்தைத் திரையில் பெரிதாக்கினார். இடது கன்னத்தில் மெல்லிசாக ஒரு கோடு போட்டு, லேசாக வெளுக்க வைத்தார். தத்ரூபமாக இருந்தது. ஆனாலும் ஏதோ உறுத்தியது. வலது கன்னத்துக்கு மாற்றினார். அதுவும் தத்ரூபமாகத்தான் இருந்தது. மறுபடி இடது. மறுபடி வலது. எத்தனையோ தடவை அந்த இடத்துக்குப் போன கைதான். கண் ஒரு தடவைகூடப் போகவில்லை.

மதியச் சாப்பாட்டோடு வந்த மனைவி அவருக்குப் பின்னால் நின்றாள். அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“எந்தப் பக்கம்?”

திட்டுவாள் என்று நினைத்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திரையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

“எதிர்ல நின்னே பாத்துப் பழகிட்டேன். இடது வலது குழம்புது” என்றார்.

“நானும் எதிர்ல நின்னுதான் பாத்தேன்.”

“சொல்லும்மா. ஒரு நிமிஷத்துல போட்டுடறேன். நிஜம் மாதிரியே இருக்கும்.”

“வேணாம்” என்றாள். “அது ஒண்ணுதான் நீங்க கை வைக்காம எங்கிட்ட மிச்சம் இருக்கு. அதையும் உங்ககிட்ட குடுக்க மாட்டேன்.”

சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். இது நடந்து நாலு வருஷமாகிறது. வீட்டில் பேச்சுவார்த்தை இருக்கிறது, ஒன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள். எந்தப் பக்கம் என்று அவள் இன்றுவரை சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.