என் கணக்குக்கு அடங்காத தண்ணீர்

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் என் மகனின் பனியன் கம்பெனிக் கிணற்றை ஆழப்படுத்த வெடி வைத்தார்கள். வெடித்ததும் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் மேலெழும் என்று, ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியனான நான் கணித்துச் சொன்னேன். தொழிலாளர்கள் முன்னிலையில் வெடிக்காரர் சிரித்தார்.

“ஏனுங்க சாமி, உங்க நோட்டுல எழுதுனது தண்ணிக்குத் தெரியுமுங்களா?”

அவரைத் தலைகுனிய வைத்தே தீருவது என்று, தண்ணீர் எட்டாது என நான் கணித்திருந்த இடத்தில் வேண்டுமென்றே போய் நின்றேன். திரி எரியத் தொடங்கியபின் என்னைக் கண்ட அவர், ஓடிவந்து சுவருக்குப் பின்னே இழுத்துத் தள்ளினார். நான் நின்ற இடத்தில் தண்ணீரோடு கற்களும் கொட்டின.

“அடி படலீங்களே?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கணக்கைப் பற்றிப் பிறகு எவரிடமும் அவர் பேசவேயில்லை.

மீண்டும் கேலி செய்திருந்தால் பழிதீர்த்திருப்பேன். அவருடைய அந்தப் பெருந்தன்மையை இன்றுவரை என்னால் மன்னிக்க இயலவில்லை.