மூன்றாவது கொட்டேஷன்

யோம் தோக்சு தன் நாற்பத்தொன்பதாவது வயதில் கலைஞராவது என்று முடிவுசெய்தபோது, அதைத் தடுக்கக்கூடிய ஆள் சாங்வொன் நகரத்திலேயே ஒருத்திதான்: அவர் மனைவி மிசுன். அவளும் அன்றைக்குப் பார்த்துப் பல் பிடுங்கப் போயிருந்தாள். வாயில் பஞ்சோடு அவள் வீடு திரும்புவதற்குள் இவர் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு, வரும் வழியில் ஒரு தொப்பியும் வாங்கிவந்துவிட்டார். ஓவியர்கள் தலையில் சாய்த்து வைத்துக்கொள்வார்களே, அந்த மாதிரித் தொப்பி. பஞ்சு இருந்ததால் மிசுனால் எதுவும் சொல்ல முடியவில்லை. அந்த மௌனத்தை யோம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

இருபத்து மூன்று வருடம், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் செய்கிற ஒரு கம்பெனியின் விளம்பரப் பிரிவில் இருந்தவர். கடைசி எட்டு வருடம் மேனேஜர். வருடாவருடம் கம்பெனி தன் ஏஜெண்டுகளுக்குக் கொடுக்கும் மேசைக் காலண்டர் அவர் பொறுப்பு. "அந்தக் காலண்டரெல்லாம் நான் போட்டது" என்று சொல்லிச் சொல்லி அதை அவரே நம்பிவிட்டார். போட்டது யார் யாரோ வெளியாட்கள். அவர்கள் கொண்டுவரும் படத்தை இவர் கையை நீட்டித் தள்ளிப் பிடிப்பார், ஒரு கண்ணைச் சுருக்குவார், "இன்னும் கொஞ்சம் கதகதப்பு வேணும்" என்பார். கதகதப்பு என்றால் என்ன என்று அவர்களுக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. பாவம், அவர்கள் வீட்டுக்குப் போய் மஞ்சள் கலரை இரண்டு கை கூடுதலாகப் பூசிக்கொண்டு திங்கட்கிழமை வந்து நிற்பார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, இரண்டு வருடம் சனிக்கிழமை தவறாமல் நீர்வண்ண வகுப்புக்கும் போயிருந்தார். "உங்களுக்குக் கை வருது" என்று வாத்தியாரம்மா சொன்னாள். மாதச் சந்தாவை ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்குக் கை வராமல் என்ன செய்யும்?

பஞ்சை எடுத்த மறுநாள் மிசுன் பேசினாள்.

"சூசொக் அறுவடைப் பண்டிகை வரைக்கும் டைம். அதுக்குள்ள நீங்க படம் போட்டு, அதுக்கு ஒருத்தராவது காசு கொடுத்து, அந்தக் காசை என் கண்ணுல காட்டணும். ஒரே ஒரு வேலை போதும். இல்லேன்னா சங்பில் கடைக்குப் போங்க. அவன் ஆள் தேடிக்கிட்டு இருக்கான்."

சங்பில் அவள் தம்பி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பொரித்த கோழிக் கடை வைத்திருப்பவன். எந்தப் படிப்புப் படித்தாலும், எந்த ஆபீஸில் உட்கார்ந்தாலும், கடைசியில் கோழி பொரிக்கத்தான் வரவேண்டும் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. மற்றவர்களின் பிரிவுபசார விருந்துகளில் அதைச் சொல்லிச் சிரித்தவர்களில் யோம்தான் முதல் ஆள்.

"அவன் கடையில நானா? நான் மேனேஜர்டி."

"இருந்தீங்க" என்றாள் மிசுன்.

யோம் ஒரு மாடியில், லிப்டுக்குப் பக்கத்து அறையை வாடகைக்குப் பிடித்து, 'யோம் படைப்பகம்' என்று பலகை மாட்டினார். விசிட்டிங் கார்டில் 'தலைவர்' என்று போட்டுக்கொண்டார். யாருக்குத் தலைவர் என்று சொல்ல கார்டில் இடம் இல்லை. திறப்பு நாளில் பழைய ஆபீஸ் தோழர்கள் வழக்கப்படி ரிப்பன் கட்டிய ஆர்க்கிட் தொட்டிகளை அனுப்பினார்கள். மொத்தம் ஒன்பது. அனுப்பியவர்களின் பதவி வரிசைப்படி அவற்றை ஜன்னலோரம் அடுக்குவதில் அந்த நாள் முழுக்கப் போயிற்று. படைப்பகத்தின் முதல் படைப்பு அதுதான்.

அதற்குப்பிறகு வசந்தம் போயிற்று, மழைக்காலமும் போயிற்று. போன் அடித்தால் காப்பீட்டு விளம்பரம். பழைய ஆட்களுக்கு இவரே போன் செய்வார். "மேனேஜர், ஒரு நாள் உக்காந்து சாப்பிடணும்" என்பார்கள் எல்லோரும். அந்த ஒரு நாள் எந்தக் காலண்டரிலும் இல்லை. கீழே இருந்த நூடுல்ஸ் கடைக்காரி மட்டும் மெனு பலகை எழுதித் தரச் சொன்னாள். யோம் போய், கையை நீட்டி, கண்ணைச் சுருக்கி, "உங்க கடையிலேயே கதகதப்பு இல்லையே" என்றார். ஆவி பறக்கும் அண்டாவுக்குப் பின்னால் நின்றிருந்த அவள், நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "போய்ட்டு வாங்க" என்றாள். இந்த மனிதருக்கு யாராவது அப்போதே ஒரு அறை விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பான் ஹேரிம் கூப்பிட்டாள். யோமுக்குக் கீழே ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். அவர் போனபின் அந்த நாற்காலிக்கு வந்திருப்பவள், இப்போது டீம் லீடர்.

"மேனேஜர், நல்லா இருக்கீங்களா? அடுத்த வருஷக் காலண்டருக்கு உங்க கொட்டேஷன் வேணும். மூணு மாதிரிப் படமும் கொண்டுவந்தீங்கன்னா நல்லது."

"பான், நீ இதை முன்னாடியே கேட்டிருக்கணும்" என்றார் யோம். குரல் மட்டும் கெத்தாக இருந்தது. மற்றக் கை அதற்குள் வண்ணப் பெட்டியைத் திறக்க ஆரம்பித்திருந்தது.

எட்டு நாள் அவர் வீட்டுக்குச் சாப்பிட மட்டும் போனார். மூன்று படம்: பனி விழும் கூரை, அடுப்பருகே தூங்கும் பூனை, வாசலில் ஒரே ஒரு ஜோடிச் செருப்பு. உண்மையைச் சொல்லவேண்டும்: அந்த மூன்றாவது படம் நன்றாகவே இருந்தது. செருப்பைப் பார்த்தால் அதன் சொந்தக்காரர் தனியாக இருக்கிறார் என்று தெரியும். மிசுன்கூட அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கூடுதலாக ஒரு முட்டை பொரித்து வைத்தாள்.

கம்பெனி மீட்டிங் அறைக்குள் நுழைந்ததும் யோம் நேராகப் போய் உட்புறக் கோடியில், கதவைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் ஊரில் அது பெரியவருக்கான இடம். வேலை கேட்டு வருகிறவன் கதவுப் பக்கம் உட்காருவான், கூப்பிடாவிட்டால் உட்காரவே மாட்டான். எட்டு வருடம் பழகிய இடுப்பு யாரையும் கேட்காமல் தன் இடத்துக்குப் போய்விட்டது. பின்னால் வந்த பான் ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். பிறகு கதவோரம் உட்கார்ந்தாள். காபி கொண்டுவந்த புதிய பெண் யாருக்கு முதலில் வைப்பது என்று தெரியாமல் இரண்டு கோப்பையையும் மேசையின் நடுவில் வைத்துவிட்டு ஓடினாள்.

யோம் தன் படங்களைத் தானே பையிலிருந்து எடுத்தார். தானே கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார்.

"ம். இன்னும் கொஞ்சம் கதகதப்பு வேணும்" என்றார்.

தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு மெல்லத்தான் உறைத்தது. காது நுனிவரை சிவந்துபோய் எழுந்து, மேசையைச் சுற்றிவந்து, கதவோரம் பானுக்கு எதிரே உட்கார்ந்தார். அவளிடம் ஒருநாளும் காட்டாத மரியாதையில், "மன்னிக்கணும் டீம் லீடர். பாருங்க" என்றார்.

பான் படங்களைப் பார்க்கவில்லை. ஒரு தாளை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"உங்ககிட்ட மறைச்சுப் பேசறது சரியில்ல மேனேஜர். வேலையை ஏற்கெனவே ஒருத்தருக்குக் கொடுத்தாச்சு. விதிப்படி மூணு கொட்டேஷன் ஃபைல்ல இருக்கணும். ரெண்டு இருக்கு. இதுல தொகையை நாங்களே போட்டுட்டோம். நீங்க முத்திரை மட்டும் வெச்சுக் கொடுத்தா போதும்."

தொகை, வேலை கிடைக்கக்கூடாத அளவுக்கு அழகாகக் கூட்டிப் போடப்பட்டிருந்தது. யோமுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இந்த வித்தையை அந்த ஆபீஸுக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். மூன்றாவது கொட்டேஷனாக எத்தனை பேரை எட்டு நாள் கண்விழிக்க வைத்திருப்பார் என்று அவர் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது எண்ண ஆரம்பித்து, பத்துக்கு மேல் போனதும் நிறுத்திக்கொண்டார்.

"அப்போ மாதிரிப் படம் எதுக்குக் கேட்டீங்க?"

"ஃபைல் கனமா இருக்கணும்னு நீங்கதான் சொல்வீங்க."

"சரி, மூணு படம் போட்டிருக்கேன். அதுக்காவது ஏதாவது கொடுங்க."

"மாதிரிப் படத்துக்குக் காசு கிடையாதுன்னு விதி இருக்கே மேனேஜர். அதை எழுதினதே நீங்கதான். நான்தான் டைப் அடிச்சேன்."

அவள் குரலில் பழிவாங்கும் சந்தோஷம் இருந்திருந்தால் யோம் தாங்கியிருப்பார். அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். அதுதான் வலித்தது. அடுத்த வாரம் சூசொக். மிசுனின் கண்ணில் காட்ட அவர் கையில் ஒரு நாணயம்கூட இல்லை.

அவர் முத்திரையைப் பைக்குள்ளேயே பிடித்துக்கொண்டு யோசித்தார். ஃபைல் ஐந்து மணிக்குள் கணக்குப் பிரிவுக்குப் போகவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கம்பெனியின் செலவுக் கணக்கில் மாதிரிப் படத்துக்குத் தலைப்பு இல்லை, சரி. எதற்குத் தலைப்பு இருக்கிறது? அந்த வருடம் முழுக்க அவர் மூளையில் தானாகவே உதித்த ஒரே கற்பனை அப்போதுதான் உதித்தது.

"டீம் டின்னர் போட்டு எவ்வளவு நாளாச்சு, டீம் லீடர்?"

பானுக்குப் புரிய இரண்டு வினாடி ஆயிற்று. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நீங்க வேலையை விட்டிருக்கவே கூடாது மேனேஜர்." யோம் முத்திரையை எடுத்துத் தாளில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு விளம்பரப் பிரிவு முழுக்க, பதினோரு பேர், சங்பில் கடைக்கு வந்தார்கள். ஏற்பாடு இதுதான்: அவர்கள் பத்துக் கோழி சாப்பிடுவார்கள், கம்பெனி அட்டையில் இருபது கோழிக்கு ரசீது போடுவது, மிச்சம் யோமின் படங்களுக்கு. இந்தக் கணக்கைச் செய்து கையில் கொடுக்க, வெளியே பேசாமல் இருக்க, மச்சினனைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? இருபது வருடமாக "டேய் சங்பில், இன்னொரு தட்டு" என்று அதட்டியே பழகிய மச்சினன்.

யோம் தொப்பியோடு வந்து அவர்கள் நடுவில் உட்கார்ந்தார். படங்களையும் கொண்டுவந்திருந்தார், யாராவது கேட்டால் காட்டலாம் என்று. யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கோழியைப் பற்றிப் பேசினார்கள். தோல் இவ்வளவு மொறுமொறுப்பாக எப்படி வருகிறது என்று ஒருவன் கேட்டான். "மசாலா என்ன பிரமாதம்" என்று பான் விரலை நக்கினாள். அந்தச் சமயம் பார்த்து, கடையில் பரிமாறுகிற பெண் வரவில்லை என்று சங்பில் திணறிக்கொண்டிருந்தான்.

"அத்தான், கோவிச்சுக்காதீங்க, இந்தத் தட்டை மட்டும் அங்க வெச்சுடுங்க" என்றான். ஒரு ஏப்ரனும் வந்து மடியில் விழுந்தது.

ஒரு தட்டு, இரண்டு தட்டாயிற்று. பீர் கோப்பை, சாஸ், எலும்புக்குக் கிண்ணம். தொப்பி எண்ணெய்ப் புகையில் நனைய ஆரம்பித்ததும் கழற்றிவைத்தார். கோடியில் உட்கார்ந்திருந்த புதிய பெண், அன்றைக்குக் காபி கொண்டுவந்தவள், தலையை நிமிர்த்தாமலே கையைத் தூக்கினாள்.

"முதலாளி, இங்க முள்ளங்கி ஊறுகாய் இன்னும் கொஞ்சம்."

பான் அவள் காலை மிதித்திருக்கவேண்டும், அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப்போயிற்று. யோம் தன்னைச் சுற்றிப் பார்த்தார். அவரைத் தலைவர் என்று கார்டைத் தவிர வேறு யாரும் அழைத்ததில்லை. முதலாளி என்று அழைத்தது இவள்தான்.

"இதோ வந்துட்டேன்" என்றார்.

ஏழரைக்கு அவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டு, கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். தம்பிக்கு உதவ வந்து சமையற்கட்டில் நின்றிருந்த மிசுன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். சங்பில் பத்துக் கோழியின் பணத்தை எண்ணி, மேலே ரசீதை வைத்து, அக்காவிடம் நீட்டினான். மிசுன் பணத்தைத் தொடவில்லை. ரசீதைத்தான் எடுத்து முழுவதும் படித்தாள்.

"இது படத்துக்கு வந்த காசா, கோழிக்கு வந்த காசா?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. "படத்துக்கு" என்று அவர் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டு, இன்னும் ஒரு வருடம் தான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் கூடுதல் நேரம் நின்றிருப்பாள். அது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. ஒரு சொல் போதும். இருபத்து மூன்று வருடத்தில் இதைவிடப் பெரிய பொய்களை அவர் முத்திரை போட்டு அனுப்பியிருக்கிறார்.

யோம் படப் பையைப் பார்த்தார். மாலை முழுக்க அதன் ஜிப்பைக்கூட யாரும் திறக்கவில்லை.

"கோழிக்கு" என்றார்.

மிசுன் ரசீதை நான்காக மடித்தாள். சங்பில் சிரிக்கத் தயாராக இருந்தவன், சிரிக்காமல் எண்ணெய்ச் சட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டான். கட்டியிருந்த ஏப்ரனைக் கழற்றப்போன யோம், கழற்றாமல் முடிச்சை இறுக்கிக்கொண்டு மச்சினன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும், முதலாளி?"