மச்சக்காரியின் அண்ணன்

மலேசியாவில், சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் சதாசிவத்தை யாரும் தொடமாட்டார்கள். கழுத்து, முதுகு, கண்ணிமை எங்கும் மொச்சைக்கொட்டை அளவில் கட்டிகள். வலி கிடையாது, சீழ் கிடையாது. எவனோ ஒட்டிக்கொள்ளும் என்றான், ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. பக்கத்து நிரையில் ரப்பர் மரம் சீவிய நான் அவன் போத்தல் தண்ணீரைத்தான் தினமும் குடித்தேன். எனக்கு ஒரு கொப்புளம்கூட வரவில்லை. சொன்னால் எவன் கேட்டான்?

அவன் தங்கை நல்லம்மாளுக்குக் கையிலும் கழுத்திலும் பால்காப்பி நிறத்தில் பெரிய பெரிய மச்சங்கள், அவ்வளவுதான். மச்சக்காரி, போகிற வீடு விளங்கும் என்று லாரி ஓட்டும் சின்னையாவுக்கு அவன் வீட்டார் கேட்டுக் கட்டிக்கொண்டு போனார்கள்.

எழுபத்தெட்டில் அவள் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும்? சதாசிவம் ஆசையாகத் தோடு வாங்கிப் போனான். நல்லம்மாள் வாசலிலேயே தோட்டை வாங்கிக்கொண்டு அவனைத் திருப்பி அனுப்பினாள். தன் உடம்பு யாரையும் கெடுக்காது என்று ஒரு டாக்டர் சொல்லி ஊர் கேட்க வேண்டும், அது போதும் என்று அன்றைக்கு என்னிடம் அழுதான்.

நாலு வயதில் பையனின் இடது கண் பிதுங்கியது. சின்னையா லாரியோடு தெலுக் இந்தான் போயிருந்ததால், ஈப்போ ஆஸ்பத்திரிக்கு நல்லம்மாளுக்குத் துணையாக நானும் சதாசிவமும் போனோம். டாக்டரம்மா பையனைப் பார்த்தார், சதாசிவத்தைப் பார்த்தார், பிறகு நல்லம்மாளின் கையைத் திருப்பிப் பார்த்தார். மூவருக்கும் ஒரே நோய், தொற்றாது, பரம்பரையாக வருவது என்றார். சிலருக்கு மச்சத்தோடு நின்றுவிடுமாம், சிலருக்குக் கட்டியாகுமாம். பையனுக்கு அது தாயிடமிருந்து வந்தது. கண்ணுக்குப் பின்னால் வளர்வதும் அதே கட்டிதான்.

அதன் சூட்சுமம் பிற்பாடுதான் வெளியானது. உடம்பின் ஒவ்வோர் உயிரணுவுக்கும் 'வளர்' என்று உத்தரவு வந்துகொண்டே இருக்கிறதாம். 'போதும்' என்று அடக்க ஒரு புரதம் இருக்கிறது. அந்தப் புரதத்தைச் செய்யும் மரபணு இந்தக் குடும்பத்தில் பழுது. அடக்க ஆளில்லாமல் நரம்பை ஒட்டிக் கட்டி கிளம்புகிறது. இதில் யார் செய்த பாவம், சொல்லுங்கள்.

சதாசிவம் ஏங்கிய வார்த்தை கிடைத்துவிட்டது. ஆனால் வெளியே வந்ததும் நல்லம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, எங்கிட்டருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா அவங்க என்னைத் தள்ளி வச்சிருவாங்க."

சின்னையா ஊர் திரும்பியதும் சதாசிவம் என்னையும் கூட்டிக்கொண்டு நேரே அவனிடம் போனான். தெரியாமல் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டேன், என்னிடமிருந்துதான் ஒட்டியது என்றான். டாக்டரம்மா சொன்னதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

"நீ சும்மா இருலா. எனக்கு இது பழகிப்போச்சு" என்று சதாசிவம் என் காதோரம் சொன்னான். சின்னையா செருப்பைக் கழற்றி அடித்தான்.

மறுவருஷம் பையன் செத்துப்போனான். முகத்தைப் பார்க்க வந்த சதாசிவத்தை உறவுக்காரர்கள் வேலியோரமே மறித்தார்கள். ஒரு பெரியவர் மட்டும், தாய்மாமனாச்சே, விடுங்கள் என்றார். எல்லாரும் நல்லம்மாளைப் பார்த்தார்கள்.

"உள்ள விடாதீங்க" என்றாள் அவள். "இவரு தொட்டுத்தான் எம்புள்ள போச்சு."

சதாசிவம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தான்.