அண்ணாச்சி கொடுத்த ஆக்சில் ஷாப்ட்

அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டத் தொடங்கியிருந்த சமயம். பம்பாய் தாராவியில் ஒற்றை அறையில் குடியிருந்தோம், நான், என் வீட்டுக்காரர், அப்போதுதான் பல் முளைத்திருந்த எங்கள் பெண் குழந்தை. சொத்து என்று சொல்ல எங்களுக்கு இருந்ததெல்லாம் பட்டாளத்தில் கழித்து ஏலத்தில் விட்ட ஒரு பழைய ஜீப்பும் அதன் பின்னால் மாட்டி இழுக்கும் ஒரு டிரெய்லரும்தான். பூனா போகும் வழியில் மலைக்கு மேலே மின்சாரக் கோபுரம் நடும் வேலை நடந்தது. அதற்கு ஆட்களையும் சாமான்களையும் அவர் ஏற்றிக்கொண்டு போவார். அந்த ஆட்களுக்கு அங்கேயே தங்கிச் சமைத்துப் போடுவது என் வேலை. சனிக்கிழமை இறங்கி வந்து திங்கட்கிழமை மறுபடி ஏறுவோம்.

ஒரு சனிக்கிழமை திரும்பி வரும்போது சயான் பக்கத்தில் படாரென்று ஒரு சத்தம். இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. பின் அச்சுக்குள்ளே இருந்து சக்கரத்தைச் சுழற்றும் இரும்புத் தண்டு, ஆக்சில் ஷாப்ட் என்பார்கள், அது ஒடிந்துபோயிருந்தது. சமதரை என்பதால் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம். மலை ஏறும்போது ஒடிந்திருந்தால் வண்டி பின்னாலேயே உருண்டிருக்கும். அந்த ஜீப்பில் ஷாப்ட் போனால் கை பிரேக்கும் சேர்ந்து போய்விடும். கால் பிரேக்கோ நாலு மிதி மிதித்தால்தான் பிடிக்கும். முன் சக்கர இழுவை நாங்கள் வாங்கும்போதே கிடையாது.

மறுநாள் காலையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் அவருடன் குர்லாவுக்குப் போனேன். தனியாக விட்டால் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு, கூட ஒரு டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிற மனுஷன் அவர். பட்டாளத்து வண்டிகளைப் பிரித்து விற்கும் ஒரு கடையில் எங்கள் ஜீப்புக்குப் பொருந்துகிற ஷாப்ட் கிடைத்தது. வீட்டுக்காரர் அதைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டினார். ணங்கென்று நீளமாக ஒலித்தது. உள்ளே கீறல் இருந்தால் இப்படிப் பாடாது என்றார். கடைக்காரர் யாரோ எவரோ, ஆனால் தட்டிப் பார்த்ததற்கு முகம் சுளிக்கவில்லை. சாயங்காலம் பணத்தோடு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

நாங்கள் வீடு திரும்புவதற்குள் தாராவிக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அங்கே பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். அண்ணாச்சி என்றால் எங்கள் சந்துக்கே தெரியும். ஊரிலிருந்து வந்து இறங்கிய அன்றைக்கு எங்களுக்குப் படுக்க இடம் கொடுத்ததும், ஜீப் வாங்கும்போது ஜாமீன் நின்றதும் அவர்தான். அந்த அண்ணாச்சி சாக்கில் சுற்றிய ஷாப்டைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் வாசலில் நின்றார்.

"குர்லாவுல போயி நின்னியளாமே? இங்க ஒருத்தன் கடை வச்சிருக்கது மறந்து போச்சோ?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவர் அந்தத் தண்டைத் தரையில் போட்டபோது தொப்பென்று ஒரு சத்தம் வந்தது, ஈர விறகைப் போட்டது போல. நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஒரு தட்டு தட்டிப் பாத்திரலாமா அண்ணாச்சி?" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "நான் குடுக்கத தட்டியா பாக்கணும்? ஏ பிள்ள, நாளைக்கு நானே முன் சீட்டுல உக்காந்து உங்ககூட மலை ஏறிக் காட்டுதேன், போதுமா?"

இப்படி ஒரு பெரிய மனுஷர் வீராப்பாகச் சொன்னால் "சேச்சே, என்ன அண்ணாச்சி, உங்களை நம்பாமலா" என்று சொல்வதுதான் எங்கள் பக்கத்து முறை. அவரும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார். நான் சொன்னது, "சரி அண்ணாச்சி, வாங்க."

அவர் போன பிறகு வீட்டுக்காரர் ஷாப்டைத் தடவிப் பார்த்தார். நடுவில் ஓரிடத்தில் சாணை பிடித்து வழவழவென்று இருந்தது.

"ஒடிஞ்சத வெல்டு வச்சி ஒட்டுன மாதிரிதான் தெரியுது," என்றார்.

"அப்ப திருப்பிக் குடுத்திருங்க."

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு? அவரு வீட்டுச் சோத்தைத் தின்னோம்லா. பைய ஓட்டுதேன், விடு."

அன்றைக்கே அதை மாட்டிவிட்டார். நாங்கள் குர்லா பக்கமே போகவில்லை.

திங்கட்கிழமை அண்ணாச்சி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வெள்ளை வேட்டியும் திருநீறுமாக வந்து நின்றார். அவருக்கு முன் சீட்டைக் கொடுத்தோம். சயானில் கோபுர வேலைக்கு வரும் கோவண்டி ஆட்கள் நாலைந்து பேர் காத்திருந்தார்கள், அவர்கள் பின்னால் இருந்த டிரெய்லரில் ஏறிக்கொண்டார்கள். ஜீப்பின் பின்பக்கத்தில் அரிசி மூட்டை, அண்டா, கடப்பாரை இவற்றுக்கு நடுவில் நான். அந்த நெரிசலில் குழந்தை எதிலாவது இடித்துக்கொள்ளும் என்று, முன்னால் அண்ணாச்சி மடியில் வைத்தேன். அவளுக்கு யாரிடமும் வேற்றுமுகம் கிடையாது. அவர் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டு சுகமாக உட்கார்ந்துவிட்டாள்.

தாணா, பன்வேல் வரைக்கும் அண்ணாச்சி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். ஏற்றம் ஆரம்பித்தது. இரண்டாவது வளைவில் ஒரு சத்தம் கேட்டது. டிக். பாரம் இழுக்கும்போதெல்லாம் டிக், டிக். அதோடு அண்ணாச்சியின் பேச்சு நின்றுபோனது.

ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். கீழே ரயில் போவது சின்னதாகத் தெரிகிறது. வீட்டுக்காரரின் பின்கழுத்தில் வேர்வை ஓடுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அண்ணாச்சியும் ஒரு கையால் கம்பியை இறுக்கிப் பிடித்து, இன்னொரு கையால் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். பின்னால் டிரெய்லரில் ஏதும் அறியாத ஆட்கள் பீடி பிடித்துக்கொண்டு சிரித்துப் பேசி வருகிறார்கள்.

நிறுத்துங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குத்தான் திறந்தேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "தண்ணி வேணுமா அண்ணாச்சி?"

"வேண்டாம் பிள்ள," என்றார்.

அடுத்த வளைவு செங்குத்தாக ஏறியது. வீட்டுக்காரர் கியரை மாற்றினார். வண்டி ஒரு உதறு உதறியது. டிக் என்ற சத்தம் இப்போது என் முதுகெலும்பிலேயே கேட்டது.

"தம்பி, வண்டிய நிறுத்து."

வீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னும் கொஞ்ச தூரந்தான் அண்ணாச்சி, போயிரலாம்." அந்த நேரத்திலும் மனுஷருக்கு மரியாதை!

"நிறுத்துலேங்கேன்!" மலை எதிரொலிக்கும்படி கத்தினார் அண்ணாச்சி. "அது ஒட்டுப் போட்ட ஷாப்ட்லே! பிள்ள இருக்குலே வண்டியில!"

வீட்டுக்காரர் பிரேக்கை மிதி மிதியென்று மிதித்தார். வண்டி நின்று, கொஞ்சம் பின்னால் வழுக்கியது. டிரெய்லரில் இருந்தவர்கள் குதித்து, ஓரத்தில் கிடந்த கற்களைச் சக்கரங்களுக்கு அடியில் அண்டக் கொடுத்தார்கள். வண்டி ஒருவழியாக அசையாமல் நின்றது. நான் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. அண்ணாச்சி குழந்தையை என் கையில் கொடுத்தார். குழந்தை அவர் பொத்தானை விடமாட்டேன் என்று அழுதது.

அண்ணாச்சியே உட்கார்ந்து சக்கரத்து நடுவில் இருந்த போல்ட்டுகளைக் கழற்றினார். வெள்ளை வேட்டி முழுக்கக் கிரீஸ். ஷாப்டை உருவி எடுத்து, ஒரு முனையைப் பாறையிலும் மறுமுனையைத் தரையிலும் வைத்தார். ஆட்களிடமிருந்து பெரிய சம்மட்டியை வாங்கினார்.

"வேண்டாம் அண்ணாச்சி," என்று வீட்டுக்காரர் தடுத்தார். அண்ணாச்சி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓங்கி ஒரே அடி. தண்டு அந்த வழவழப்பான இடத்தில் முறுக்கு ஒடிவது போல ஒடிந்து இரண்டாக விழுந்தது. ஒடிந்த வாயில் பாதிக்கு மேல் பழைய துரு.

சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு அவர் பேசினார். "வாங்கும்போதே எனக்குத் தெரியும். ஓடிரும்னு நெனச்சேன். நீங்க குர்லாவுக்குப் போனது எனக்குப் பொறுக்கல." அத்தனை ஆட்கள் முன்னால், எல்லாரும் அவருக்குக் கைகட்டி நிற்கிற ஆட்கள், இதைச் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது. அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை.

ஒரு லாரியை நிறுத்தி ஏறிக் கீழே போனார். அன்று சாயங்காலமே, நாங்கள் பார்த்து வைத்திருந்த அதே குர்லா கடையின் ஷாப்டோடு இன்னொரு லாரியில் வந்து இறங்கினார். எங்களிடம் காசு வாங்க மறுத்துவிட்டார்.

நடந்ததைக் கோவண்டி ஆட்கள் தாராவி முழுக்கப் பரப்பிவிட்டார்கள். இனி அவர் கடை அவ்வளவுதான் என்று பேசிக்கொண்டார்கள். நாங்களோ அதற்குப் பிறகு ஜீப்புக்கு எது வேண்டுமானாலும் முதலில் அவரிடம்தான் போனோம். நல்ல சாமான் இருந்தால் கொடுப்பார். இல்லாவிட்டால், "எங்கிட்ட இருக்கது தேறாது தம்பி, குர்லாவுக்குப் போ," என்று வாய்விட்டுச் சொல்வார்.

அந்தக் குழந்தைக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வண்டியில் மூன்று பேருக்கு உண்மை தெரிந்திருந்தது, வாயைத் திறந்தால் மானம் போகும் என்ற நிலைமை ஒருவருக்குத்தான் இருந்தது, அவர்தான் திறந்தார். பெற்றவர்கள் நாங்கள் இருவரும் மரியாதை பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம்.